ஆனைப்புளித் தண்ணீர்

தலைமை ஆசிரியையாக நான் உட்கார்ந்திருந்த மேசையின் மேல் பாதியாக உடைத்த ஒரு காயின் ஓடு இருந்தது. ஒரு சாண் நீளம் இருக்கும். தேங்காய்ச் சிரட்டையைப் போலக் கெட்டியான ஓடு. எங்கள் பள்ளியில் சமையல் உதவியாளராக இருந்த பெண் அதைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து எனக்குக் கொடுத்திருந்தார். உடைந்த சாக்பீஸ் துண்டுகளை அதில் போட்டு வைத்திருந்தேன். பார்வையிட வரும் அதிகாரிகள் அதைக் கையில் எடுத்துப் புரட்டி, என்ன காய் என்று கேட்பார்கள். ஆனைப்புளி என்பேன். ஆகவே அந்த மரத்தின் பெயர் எனக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பின்னொரு நாள் அதே மேசையில் உட்கார்ந்து, என் கையாலேயே, "பெயர் தெரியாத மரம்" என்று எழுதினேன்.

உத்திரமேரூரிலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிடத் தூரத்தில், ஏரிக்கரைக்குக் கீழே இருந்தது எங்கள் ஊராட்சி ஒன்றியப் பள்ளி. சுற்றுச்சுவரின் மேற்கு மூலையில் அந்த மரம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பேர் கைகோத்து நின்றால்தான் அடிமரத்தை வளைக்க முடியும். குதிரை விற்க வந்த அரபுக்காரர்கள் கொண்டுவந்து நட்டது என்பார் ஒருவர், கப்பலில் வந்தது என்பார் இன்னொருவர். கடல் எங்கே, நாங்கள் எங்கே. மாசி, பங்குனியில் அதில் ஓர் இலை இருக்காது. மொட்டைக் கிளைகளில் நீளக் காம்புகளோடு காய்கள் மட்டும் தொங்கும். மேலே மெத்தென்று இருக்கும் சுணையைத் தொட்டுவிட்டுக் கழுத்தைத் தொட்டால் அன்று முழுவதும் அரிப்புதான். கல்லில் அடித்து உடைத்தால் உள்ளே ஈரமே இருக்காது. சிவந்த நாருக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகத் துண்டுகள், நான் எழுதித் தேய்த்த சாக்பீஸ் போலவே. வாயில் போட்டால் புளிப்பும் லேசான இனிப்புமாகக் கரைந்து, கடைசியில் கொட்டை மட்டும் நாக்கில் நிற்கும்.

பிள்ளைகளுக்கு அது மிட்டாய். சமையல் உதவியாளருக்கோ அந்த ஒரு மரமே மளிகைக் கடை. கொழுந்து இலையைப் பருப்போடு சேர்த்துக் கடைவார். கொட்டையை வறுத்துக் கொறிப்பார். ஓட்டின் பாதியை உப்பு ஜாடிக்குள் கரண்டியாகப் போட்டு வைத்திருந்தார். பட்டையில் நார் உரித்து அவருடைய அப்பா மாட்டுக்குக் கயிறு திரிப்பாராம். உரித்த இடம் தானாக மூடிக்கொள்ளுமாம். யாருக்காவது வயிறு போனால், அந்த வெள்ளைத் துண்டுகளை ஊறவைத்து, துணியில் வடிகட்டி, வெல்லமும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுக் கொடுப்பார். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைக்காமல் அதைக் கரைக்கவே மாட்டார். "பச்சத் தண்ணில கரைச்சா வவுத்துல போயி சண்ட போடும் டீச்சர்" என்பார். எனக்கே இரண்டு தடவை கொடுத்திருக்கிறார், இரண்டு தடவையும் மதியத்துக்குள் சரியாகிவிட்டது.

ஏரிக்கரைக் குடிசைகளிலிருந்து அரசு வேலைக்கு வந்த முதல் ஆள் அவர். அவர் சமைக்க வந்த முதல் வாரம் ஊருக்குள்ளிருந்து பதினொரு பிள்ளைகள் வீட்டிலிருந்து டப்பாவில் சோறு கொண்டுவந்தார்கள். ஏன் என்று யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை. நான் அந்தப் பதினொரு பேருக்கும் எதிரே தரையில் உட்கார்ந்து, அவர் கையால் வாங்கிச் சாப்பிட்டேன். பத்து நாளில் டப்பாக்கள் நின்றுபோயின. ரொம்ப நாள் இதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். எனக்கு ஒன்றும் நட்டமில்லாத இடத்தில் காட்டிய துணிச்சல் அது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

பங்குனியில் ஒரு வியாழக்கிழமை. பிரேயர் முடிந்து முதல் பாடவேளையிலேயே இரண்டு பிள்ளைகள் மாற்றி மாற்றி வெளியே ஓடினார்கள். நான்தான் சமையலறை வாசலுக்குப் போய், "ரெண்டு பசங்களுக்கு வயிறு சரியில்ல, உங்க ஆனைப்புளித் தண்ணி கொஞ்சம் கரைச்சுக் குடுங்க" என்றேன். "இன்னா டீச்சர் இது, காலங்காத்தாலயே? கொதிக்கவச்ச தண்ணி ஆறிக்கினுகீது, தோ கரைச்சிடறேன்" என்று காய் உடைக்கப் போனார். அந்த இரண்டு பேர் குடிப்பதைப் பார்த்து மற்றதுகளும் எனக்கு எனக்கு என்று தம்ளரோடு வரிசை கட்டின. ஒருத்தரையும் வெறுங்கையோடு அனுப்பி அவருக்குப் பழக்கமில்லை. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே இன்னும் ஏழு பேர் வாந்தி எடுத்தார்கள். ஆம்புலன்ஸ் இரண்டு நடை வந்து போனது. உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் ஒன்பது பேருக்கும் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் எல்லோரும் வீடு திரும்பிவிட்டார்கள், தெய்வம் காப்பாற்றியது.

அன்று பிற்பகல் பள்ளிக் கேட்டுக்கு வெளியே கூட்டம் கூடிவிட்டது. "அவ கையால எதையோ கரைச்சிக் குடுத்துக்கீறா! அன்னிக்கே எங்க பசங்களுக்கு டப்பா கட்டிக் குடுத்தமே டீச்சர், கேட்டீங்களா?" என்று கத்தினார்கள். நான் பின்பக்கம் போனேன். ஊராட்சியின் தண்ணீர் திறந்துவிடுகிறவரைச் சமையலறைக் கூரைமேல் ஏறச் சொல்லி, பிள்ளைகள் குடிக்கும் தொட்டியைப் பார்க்கச் சொன்னேன். அதன் மூடி விரிசல் விட்டிருந்தது எனக்கு முன்பே தெரியும். மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று நாளைத் தள்ளிக்கொண்டிருந்தேன். தொட்டியைக் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்டதாகப் பதிவேட்டில் முந்தைய இரண்டு முறையும் கையெழுத்து மட்டும் போட்டிருந்தேன், கழுவவில்லை. அவர் ஒரு குச்சியால் உள்ளே துழாவி, அழுகிய அணில் ஒன்றை வெளியே எடுத்தார். கீழே இறங்கி வந்து, "நான் ஒண்ணும் பாக்கல டீச்சர். நீங்களும் பாக்கலன்னு வச்சிக்குங்க" என்றார். தொட்டியைக் காலி செய்து கழுவச் சொன்னேன். சுகாதாரத் துறையினர் மாதிரி எடுக்க வந்தபோது குழாயில் சுத்தமான தண்ணீர் வந்தது.

ஆறு மணிக்குள் அறிக்கை வேண்டும் என்று அலுவலகத்திலிருந்து போன். நான் எழுதினேன்: "காலை பத்தரை மணியளவில், பள்ளி வளாகத்தில் உள்ள பெயர் தெரியாத மரத்தின் காயைச் சமையல் உதவியாளர் நீரில் கரைத்து மாணவர்களுக்குக் கொடுத்தார். மாணவர்கள் ஒன்பது பேருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஏற்பட்டன." இரண்டே வாக்கியங்கள். கொடுக்கச் சொன்னது யார் என்று எழுதவில்லை. இரண்டு பிள்ளைகளுக்கு அதற்கு முன்பே வயிறு கெட்டிருந்ததை எழுதவில்லை. கரைத்தது கொதித்து ஆறிய தண்ணீர் என்பதையும், அன்று அந்தப் பள்ளியில் குடிக்கத் தகுந்த ஒரே தண்ணீர் அதுதான் என்பதையும் எழுதவில்லை. நேரடிப் பொய் என்று பார்த்தால் மரத்தின் பெயர் ஒன்றுதான். மற்றபடி முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இரண்டு வாக்கியம் போதுமென்று அன்று கற்றுக்கொண்டேன். நான் கெட்டவள் இல்லை என்று இப்போதும் சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. ஆனால் அன்றும் என் எழுத்து வழக்கம்போல அழகாகவே வந்தது.

அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். சமையலறைச் சாவியைக் கொடுக்க வந்தவர், "கொயந்தைங்க கண்ணத் தொறந்துச்சா டீச்சர்?" என்று மட்டும் கேட்டார். ம் என்றேன். மேசைமேல் இருந்த ஓட்டின்மேல் ஒரு பதிவேட்டை வைத்து மறைத்திருந்தேன், அதை அவர் பார்த்தாரா என்று தெரியாது. மரத்தையும் வெட்டிவிட வேண்டும் என்று பெற்றோர் நின்றார்கள். வந்து பார்த்த மரக்காரர், "இத அறுத்தா சக்கதான் வரும், அடுப்புக்கும் ஆவாது, யாரு தூக்கிக்கினு போவாங்க?" என்று சொல்லிவிட்டுப் போனார். எதற்கும் ஆகாததால் மரம் பிழைத்தது. அதற்குப் பதிலாக ஒரு தகரப் பலகை மாட்டினோம். "இம்மரத்தின் காய்களைத் தொடாதே." எழுதியது நான்தான். பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்பதைப் பிள்ளைகளுக்குப் பழமொழியாக நடத்தியிருக்கிறேன், இப்படிப் பெயின்ட் பிரஷ்ஷால் எழுதிக் காட்டியது அந்த ஒரு முறைதான்.

ஓய்வு பெற்ற பிறகு, போன வெயில் காலத்தில், உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் அவர்தான் என்னை முதலில் பார்த்தார். ஆறு வருடத்தில் தலை முழுக்க வெளுத்திருந்தது. "நல்லா கீறீங்களா டீச்சர்?" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு அந்த ஒன்பது பேரையும் ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார். தையற்காரர் மகன் எந்தக் கிளாஸ், ரெட்டைச் சடைக்காரி உடம்பு தேறிவிட்டாளா, மூக்கு ஒழுகிக்கொண்டே இருப்பானே அவன் வளர்ந்துவிட்டானா. அதில் மூன்று பேரை எனக்கு நினைவில்லை. எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்றேன். கையெடுத்துக் கும்பிட்டார். "வருசா வருசம் பங்குனில அந்தக் கொயந்தைங்க பேரச் சொல்லி ஒருபொயுது இருக்கறேன் டீச்சர். எங்கூட்ல இப்பல்லாம் யாருக்கும் அத்தக் குடுக்கறதில்ல. எங்கப்பன் காலத்துலேர்ந்து குடிச்சதுதான். என் கையில மட்டும் எப்பிடி வெசமாச்சின்னுதான் தெர்ல." என் பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்துவிட்டேன். ஜன்னல் வழியாகக் கையை வேறு ஆட்டினேன்.

அவர் என்னைத் திட்டிக்கொண்டிருப்பார், சாபம் விட்டுக்கொண்டிருப்பார் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். அதைத் தாங்கிக்கொள்ளவும் ஒருவாறு பழகியிருந்தேன். நான் எழுதிய இரண்டு வாக்கியத்தை அவர் நம்பிவிட்டார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. படித்தவள் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி, ஆறு வருடமாகப் பிள்ளைகளுக்கு விஷம் கொடுத்தவளாக வாழ்ந்திருக்கிறார். சென்னையில் என் மகள் இதே காயின் வெள்ளைப் பொடியைக் கண்ணாடிப் புட்டியில் வாங்கி, வெளிநாட்டுப் பழம் என்று தினமும் கலக்கிக் குடிக்கிறாள். அவள் ஒரு தம்ளர் நீட்டியபோது வேண்டாம் என்று தள்ளிவைத்தேன்.

நான்கு நாள் கழித்து ஏரிக்கரைக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். தொட்டி, அணில், பதிவேடு, அறிக்கை எல்லாவற்றையும் சொன்னேன். உரிக்கிற கை நிற்கவில்லை. கடைசியில், "உங்களக் கரைச்சுக் குடுக்கச் சொன்னதே நான்தானே" என்றேன். அப்போதுதான் நிமிர்ந்தார். "அப்பிடியா டீச்சர்? எல்லாரும் சொல்லிச் சொல்லி, நானாதான் குடுத்தேன்னு நெனச்சிக்கினு இருந்துட்டேன்." மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். அவர் உரித்த கடலையை முறத்தில் தள்ளினார். பிறகு, "அன்னிக்கி எழுதனா மாரியே எழுதிக் குடுங்க. சீல் வச்சி" என்றார். இப்போது என்னிடம் சீல் இல்லை என்றேன். "கையெழுத்து கீது இல்ல?" என்றார்.

எழுதப் பத்து நாள் ஆயிற்று. "முடிஞ்சு போனத எதுக்குக் கிளர்றே? பென்ஷன நிறுத்திட்டா என்ன பண்ணுவ?" என்றார் என் கணவர். எனக்கும் அந்தப் பயம்தான். முதலில் எழுதியதில் "கவனக்குறைவால்" என்று இருந்தது, அடுத்ததில் "நேர்ந்திருக்கலாம்" என்று இருந்தது. இரண்டையும் கிழித்துப் போட்டேன். ஒரு வழியாக முடித்து அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்த எழுத்தர் படித்துவிட்டு, "ரிட்டையர் ஆயிட்டீங்க, நிம்மதியா இருக்கக் கூடாதா மேடம்?" என்றார். இதுவரை அங்கிருந்து ஒரு பதிலும் வரவில்லை. போன வேலை அவருக்குத் திரும்பக் கிடைக்கப்போவதில்லை, வயதும் தாண்டிவிட்டது. நகலில் மட்டும் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கிக்கொண்டேன்.

அந்த நகலைக் கொடுக்கப் போனது ஒரு காலை நேரம். அவர் அதை வாங்கி, முத்திரையைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பித் தந்தார். "எனக்கு எங்க படிக்கத் தெரியும்? வாங்க" என்று தெருக் குழாயடிக்கு அழைத்துப் போனார். ஏழெட்டுப் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். குழாயை அவரே மூடினார். "எல்லாருக்கும் கேக்கறா மாரி படிங்க டீச்சர்." முப்பத்திரண்டு வருடம் சத்தமாகப் படித்தே பிழைத்தவள் நான். அன்று முதல் வரியிலேயே குரல் உடைந்தது. பெயர் தெரியாத மரம் என்று எழுதியது பொய், அதன் பெயர் ஆனைப்புளி என்ற இடத்தில் ஒருத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். தொட்டியைக் கழுவாமல் கையெழுத்திட்டேன் என்ற இடத்தில் என்னால் தாளை விட்டுத் தலையைத் தூக்க முடியவில்லை. படித்து முடித்தேன்.

அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "முழுசும் வேணாம் டீச்சர். அந்தக் கொயந்தைங்களுக்கு மொதல்லயே வவுறு கெட்டுப்போச்சி, அப்பாலதான் நான் குடுத்தேன்னு எழுதிக்கீறீங்க இல்ல, அந்த எடத்த மட்டும் இன்னொரு தபா படிங்க."

அந்த வரியைத் தேடிப் படித்தேன்.

"இன்னொரு தபா" என்றார்.