லாரி வரிசையில் சொன்ன பதில்

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். லாரி ஷெட், அச்சகம், மெஸ் என்று எங்கும் ஒரு வருடம் தாங்கியதில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், சேலையூர் கேம்ப் ரோட்டில் மாடி அறை ஒன்றை வாடகைக்கு எடுத்து, குடும்பங்களில் முடிவெடுப்பது யார் என்று ஓர் ஆய்வு நடத்தினார்கள். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்க ஆள் தேவைப்பட்டது. பட்டம் படித்தவர்கள் பம்மலின் தோல் பதனிடும் ஆலைகளின் நாற்றம் தாங்காமல் நின்றுவிட்டதால் வேலை எனக்கு வந்தது. விட்டு ஓடத் தோன்றாத முதல் வேலை அதுதான்.

கேள்வியை அச்சில் உள்ளபடியே படிக்க வேண்டும். விளக்கம் சொல்லக் கூடாது. அந்த வீட்டுப் பெண்ணை வீட்டில் வைத்து, தனியாகக் கேட்க வேண்டும். இந்தத் 'தனியாக'வில்தான் தினமும் சீரழிந்தேன். நான் போனதெல்லாம் சுவரோடு சுவர் ஒட்டிய ஒற்றை அறைகள். ஒருத்தியிடம் வயதைக் கேட்டால் நாலு வாசலிலிருந்து பதில் வரும். சூபர்வைசர் என் தாள்களைச் செல்லாது என்று திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். இன்னொன்று திரும்பினால் வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

செருப்புப் பட்டறையில் தையல் வேலை செய்த ஒரு பெண்ணைக் கேட்கப் போனேன். மாமியார் வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் அவளே பதில் சொன்னாள். நான் கிளம்பியதும் மருமகள் குடத்தோடு பின்னால் வந்தாள்.

"அண்ணா, தண்ணி லாரி வர்ற நேரம். அங்க வந்து கேளு. அவங்கவங்க குடத்துக்கு அடிச்சிகினு இருப்பாங்க, ஒருத்தர் காதும் நம்ம பக்கம் இருக்காது."

தோல் கழிவில் கிணறுகள் கெட்டிருந்ததால் லாரியைச் சுற்றி அத்தனை கூட்டம். அந்தக் கூச்சலில் படித்தேன்: "குழந்தைகளின் படிப்பைப் பற்றி இந்த வீட்டில் முடிவெடுப்பவர் யார்?"

"நான்தான். பொண்ண ஸ்கூல வுட்டு நிறுத்தியாச்சு, என்கூட பட்டறைக்கு வருதுன்னு வூட்ல நெனச்சிகினு கீறாங்க. அது ஸ்கூலுக்குத்தான் போவுது. யூனிஃபார்ம் பட்டறைல கீது. என் ஓவர்டைம் காசத்தான் அதோட சம்பளம்னு குடுக்கறேன்."

கேட்ட இடம் என்ற கட்டத்தில் 'தண்ணீர் லாரி அருகே' என்று எழுதினேன்.

சூபர்வைசர் அதையும் திருப்பினார். "எல்லாரையும் வீட்ல கேட்டுட்டு, இவங்கள மட்டும் ரோட்ல கேட்டா எப்படிப்பா கம்பேர் பண்றது?"

"வீட்ல தனியா விட மாட்டேங்கறாங்க சார்."

"அத நீதான் பாத்துக்கணும். திரும்பப் போய்க் கேட்டு வா, கடைசி சான்ஸ்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால் எரிச்சல் இன்னும் கூடியது.

மறுபடி என்னைப் பார்த்ததும் மாமியார் நிமிர்ந்தாள். "இன்னா நைனா, திரும்ப வந்துகீற? நான் சொன்னது பத்தலயா? இல்ல, இவ தனியா எதனா சொன்னாளா?"

வெங்காயம் அரிந்துகொண்டிருந்த மருமகளின் கை நின்றது.

"ஆபீஸ்ல டீ கொட்டி தாள் பாழாயிடுச்சும்மா. நீங்க கொஞ்சம் வெளிய..."

"என் வூட்ட வுட்டு என்னையே போவச் சொல்றியா?"

பக்கத்து வாசல்காரி சிரித்தாள். "வா ஆயா, காத்தாட வந்து உக்காரு. உன் மருமவள ஒண்ணும் தூக்கிகினு போவ மாட்டாரு."

கிழவி முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்து நிலைப்படிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். விதிப்படி இப்போது அவள் வீட்டில் இல்லை. நான் அதே கேள்வியைப் படித்தேன்.

மருமகள் வெங்காயத்தைப் பார்த்தபடியே சொன்னாள். "அவருதான்."

'கணவர்' என்பதைச் சுற்றி வட்டம் போட்டேன். அடுத்து நான் கேட்க வேண்டியிருந்தது அந்தப் பக்கத்து வாசல்காரியைத்தான். பேனாவைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"எல்லாத்தயும் கேட்டுகினுதான் இருந்தேன் சார். எங்க வூட்லயும் அதே மாரி போட்டுக்கோ."

மறுநாள் சூபர்வைசர் அந்த இரண்டு பெண்களின் தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். "இப்பதான் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகுது" என்று இரண்டிலும் டிக் அடித்தார்.