ரீடிங்காரரின் கோடை விடுமுறை

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, மாடிப்படிக்கு அடியில் இருக்கும் மீட்டர் பெட்டிக்குள் தலையை விட்டிருக்கிறார். எண்ணைக் குறித்தாகிவிட்டது, ஆனால் தலை வெளியே வரவில்லை. பெட்டிக் கதவின் உள்பக்கம் யாரோ எப்போதோ ஒட்டிய நோட்டீஸில் ‘யோகா’, ‘இலவசம்’ என்ற இரண்டு சொற்கள் மட்டும் மிச்சமிருக்கின்றன. மேலே படிந்த அழுக்கை நகத்தால் சுரண்டுகிறார்.

வீட்டுக்கார அம்மாள் பதறிப்போய், “என்னங்க, மீட்டர் ஏதும் பழுதா?” என்கிறார்.

“மீட்டர் நல்லாத்தாம்மா இருக்கு. இந்த யோகா கிளாஸ் எப்பன்னுதான் தெரியல. தேதி இருந்த இடத்தப் பூச்சி அரிச்சிடுச்சு.”

வீடு வீடாகப் போய் கரண்ட் ரீடிங் எடுப்பது அவர் உத்தியோகம். அவருக்குப் பெயர் ஒன்று உண்டு என்பது சம்பளத் தாளுக்கு மட்டுமே தெரியும். தெருவுக்கு அவர் ரீடிங்காரர். பத்து மாதம் இந்த ஒரு வேலையோடு சரி. பள்ளிக்கூடம் மூடும் இரண்டு மாதம் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். தன் இரண்டு பெண்களுக்கும் ஊரில் காசில்லாமல் என்ன நடக்கிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவார். மனைவி சலவை நிலையத்தில் இஸ்திரி போடுகிறாள், பகலில் வீட்டில் ஆள் இல்லை. நீச்சல், கராத்தே எல்லாம் கட்டணத்தைக் கேட்டதுமே அவரைத் திருப்பி அனுப்பிவிட்டன.

முன்பு இத்தனை வெறி கிடையாது. சென்ற ஆண்டு பள்ளி திறந்த அன்று வந்தது. வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து லீவில் என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டுமாம். ஒருவன் மலைக்குப் போயிருக்கிறான், ஒருத்தி கப்பலைப் பார்த்திருக்கிறாள். இவருடைய சின்னவள் எழுந்து, “வீட்ல இருந்தேன் மிஸ்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். வகுப்பே சிரித்தது. சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமல் வீட்டுக்கு வந்தது. ஏற்கெனவே வாயைத் திறக்க யோசிக்கிற குழந்தை, அதற்குப் பிறகு அந்த யோசனையையும் விட்டுவிட்டது. பெரியவள்தான் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். அன்றைக்கே அவர், அடுத்த முறை மிஸ் கேட்கும்போது பெண் நின்று பேச வேண்டும் என்று முடிவுகட்டினார்.

அதற்காக ஒரு நோட்டு போட்டார். தொழில்காரர் போடும் நோட்டு எப்படி இருக்கும்? தேதி, கதவு எண், முன் ரீடிங், இந்த ரீடிங், வித்தியாசம். இரவுச் சாப்பாட்டின்போது சின்னவள் ஒரே மூச்சில் அதிகபட்சம் எத்தனை வார்த்தை பேசுகிறாள் என்பதுதான் கணக்கு. லீவு தொடங்கிய நாளில் எடுத்த ரீடிங்: “போதும்மா, எனக்கு தூக்கம் வருது.” நான்கு. பேசாமலே தூங்கப் போய்விட்ட நாட்களில், ஆளில்லாத வீடுகளுக்கு அவர் வழக்கமாக எழுதுவதையே எழுதினார்: ‘கதவு பூட்டியிருந்தது.’

அவர் தேடலில் ஒரு கோளாறு உண்டு. இருபது வருடமாக எண்களையே பார்த்துப் பழகிய கண். நோட்டீஸைப் பார்த்தால் தேதி, மணி, கதவு எண் மூன்றையும் ஒரே நொடியில் பிடித்துவிடும். ‘இலவசம்’ என்பது தானாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். யாருக்கு என்பது மட்டும் விட்டுப்போகும்.

முதலில் நூலகத்தில் கதை நேரம். ஒழுங்கான இடம்தான். சின்னவள் ஒரு மணி நேரமும் மேசைக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள். கதவு பூட்டியிருந்தது.

அடுத்து ஒரு முகாம். பெண்களுக்குத் தலை சீவி, பவுடர் போட்டு அழைத்துப் போனார். வரிசையில் முன்னால் நின்றவர் கையில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் நாய். பின்னால் நின்றவரிடம் இரண்டு நாய். மருந்தூசியோடு வந்த கால்நடை டாக்டர், “உங்களுது எங்க சார்?” என்றார். இவர் அசடு வழிந்தபடி பெண்களைக் காட்டினார். வந்ததற்குப் பெரியவள் நாலு நாயைப் பிடித்துக்கொடுத்தாள்.

மூன்றாவதாக, ஒரு மருத்துவமனையின் மீட்டர் அறைச் சுவரில் மூச்சுப் பயிற்சி நோட்டீஸ். சனிக்கிழமைதோறும், காலை பத்து மணி. நெஞ்சுக்கு நல்லது என்று வாசலில் இறக்கிவிட்டுத் தன் தெருக்களுக்குப் போய்விட்டார். இரண்டு சனிக்கிழமை முடிந்து, ஒரு நாள் சாப்பிடும்போது பெரியவள் நிதானமாகக் கேட்டாள்: “அப்பா, அங்க வர்ற எல்லாருக்கும் ஏம்ப்பா வயிறு பெருசா இருக்கு?”

மனைவி குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். “ஏங்க, பொண்ணுங்கள எங்க கொண்டுபோய்ச் சேர்த்திருக்கீங்கன்னு தெரியுதா? பிரசவத்துக்குக் காத்திருக்கிற பொம்பளைங்க கிளாஸுங்க அது!”

“மூச்சு எல்லாருக்கும் பொதுதானேடி?”

“எட்டு வயசுப் பொண்ணுக்கு எதுக்குங்க அது? ஊர்ல கேட்டா வாயால சிரிக்க மாட்டாங்க!”

அப்போதுதான் தட்டைப் பார்த்தபடியே சின்னவள் பேசினாள். “அடுத்த வாரமும் போவேன். நர்ஸம்மா எனக்குன்னு ஒரு தலகாணி வெச்சிருக்காங்க.”

அவர் விரல் விட்டு எண்ணினார். எட்டு. எச்சில் கையோடு நோட்டை எடுக்கப்போய் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். வித்தியாசம் நான்கு என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். அதன் பிறகு ஒரு சனிக்கிழமையையும் அவள் விடவில்லை.

ஆனால் பள்ளி திறக்கும் நாள் நெருங்க நெருங்க அவருக்குப் பயம் வந்துவிட்டது. சிரிப்புக்கு மருந்து தேடப்போய், சிரிப்பதற்கு இதைவிடப் பெரிய விஷயத்தை அல்லவா பெண்ணின் கையில் கொடுத்துவிட்டார்! முந்தின நாள் அவளை எதிரே நிறுத்தி ஒத்திகை பார்த்தார்.

“மிஸ் கேட்டா என்ன சொல்லணும்?”

“லைப்ரரிக்குப் போனேன். கதை கேட்டேன்.”

“அவ்ளோதான். ஆஸ்பத்திரிப் பேச்சே வேண்டாம், என் கண்ணில்ல.”

அவள் தலையை ஆட்டினாள். ஆட்டிய விதம் அவருக்குப் பிடிபடவில்லை.

அந்தப் பள்ளிக்கூடமும் அவர் எல்லைக்குள்தான். வழக்கமாக மாதக் கடைசியில் வருவார். இந்த முறை முதல் நாளே, முதல் மணிக்கே வந்துவிட்டார். மூன்றாம் வகுப்பு ஜன்னலை ஒட்டி நடைபாதைச் சுவரில் மீட்டர் பெட்டி. அரை நிமிட வேலை அது. டார்ச்சைக்கூடப் போடாமல் தலையை உள்ளே விட்டு, காதை மட்டும் வெளியே வைத்துக்கொண்டார்.

ஒருத்தி ரயிலில் போயிருந்தாள். ஒருவன் ஒட்டகத்தின் மேல் ஏறி விழுந்திருந்தான். பிறகு மிஸ், “ம், அடுத்து நீ. நீ என்ன பண்ணின?” என்றார். பெஞ்ச் நகரும் ஓசை கேட்டது. அவருக்கு அந்த ஓசை தெரியாதா? அது அவர் பெண்தான்.

“லைப்ரரிக்கு...” என்று தொடங்கினாள். நின்றாள்.

நின்றுகொண்டே இருந்தாள். பெட்டிக்குள் மீட்டரின் சிவப்புப் புள்ளி அணைந்து அணைந்து எரிந்தது. யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். “இவ வீட்லதான் இருந்திருப்பா மிஸ்!” என்றது ஒரு குரல். உள்ளே ஓடிப்போய்ப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாமா என்று அவருக்குத் தோன்றியது.

“இல்ல,” என்றாள் சின்னவள். “குழந்தை பொறக்கறப்ப எப்படி மூச்சு விடணும்னு கத்துக்கிட்டேன்.”

போச்சு, என்று கண்ணை மூடிக்கொண்டார்.

“என்னது?” என்றார் மிஸ்.

“மொதல்ல தோளைத் தளர்த்தணும் மிஸ். நீங்க தூக்கி வெச்சிருக்கீங்க பாருங்க, அப்படி வெக்கக்கூடாது. கண்ண மூடிக்கணும். மூக்கால நாலு எண்ணுற வரைக்கும் இழுக்கணும். வாயக் குவிச்சு ஆறு எண்ணுற வரைக்கும் விடணும். வலிச்சாலும், பயமா இருந்தாலும், எண்ணுறத மட்டும் விடக்கூடாது. எல்லாரும் பண்ணுங்க. நான் எண்ணுறேன்.”

அவர் விரல்கள் வழக்கப்படி எண்ணத் தொடங்கி, பத்தைத் தாண்டியதும் கணக்கைத் தவறவிட்டன. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒருவரும் சிரிக்கவில்லை. நாற்பது மூக்குகள் ஒன்றாகக் காற்றை இழுக்கும் சத்தம் கேட்டது. மிஸ்ஸுடையதும் அதில் இருந்திருக்க வேண்டும்.

“சார்,” என்று பின்னாலிருந்து பள்ளிக்கூடக் காவலாளி கூப்பிட்டார். “இன்னுமா ரீடிங் எடுக்கறீங்க?”

அவர் தலையை வெளியே எடுக்கவில்லை. கொஞ்சம் பொறு என்று ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டிக் காட்டினார். உள்ளே சின்னவளின் குரல் ஆறு எண்ண ஆரம்பித்தது. தோளைத் தளர்த்தி, உதட்டைக் குவித்து, அவரும் மெல்ல ஊதினார். மீட்டர் கண்ணாடியில் வருடக்கணக்காகப் படிந்திருந்த ஒட்டடை பறந்து அவர் மீசையில் ஒட்டிக்கொண்டது.