சளி பிடித்த கிட்டார்

“தம்பி, உன்ட கிட்டாருக்குச் சளி புடிச்சிரிக்கு” என்று என் அக்காவான ராத்தா குசினிக்குள் இருந்து சத்தம் போட்டாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையும் முடிந்து, பகல் சாப்பாடும் முடிந்து, நானும் அவள் கணவரான என் மச்சானும் முன் விறாந்தையில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தோம். என் மடியில் கிட்டார், காலடியில் புதிதாக வந்த வொல்யூம் பெடல். புதிது என்றால் எனக்குப் புதிது. தம்பிலுவிலில் கோயில் திருவிழாக்களுக்குக் கீபோர்ட் வாசிக்கும் கூட்டாளி ஒருவன் வேண்டாம் என்று மூலையில் போட்டிருந்ததை, நான் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு சாய்ந்தமருது வரைக்கும் கொண்டுவந்திருந்தேன். அவ்வளவு ஆசையாகத் தூக்கி வந்த சாமானை, வந்து ஒரு பார்வைகூடப் பார்க்காமல், சட்டி கழுவுகிற இடத்தில் நின்றபடியே ஒருத்தி இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? “நீங்க சட்டியக் கழுவுங்க ராத்தா” என்று நானும் திருப்பிக் கொடுத்தேன்.

ஆனால் அவள் காதை எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் வீட்டில் பாட்டுக் கச்சேரி என்றால் ஆண்கள் வெளியே பந்தலில், பெண்கள் உள்ளே. நானும் மச்சானும் எத்தனையோ வருடம் ஒரே இசைக்குழுவில் இருந்தோம். ராத்தா ஒரு நாளும் எங்களை முன்னால் இருந்து பார்த்ததில்லை. எல்லாவற்றையும் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றே கேட்டாள். புள்ளைகளின் அழுகை, பீங்கான் சத்தம், மாமிமாரின் கதை எல்லாவற்றுக்கும் ஊடாகக் கேட்டாள். ஒருமுறை, “ரெண்டாவது பாட்டுக்குத் தபேலாக்காரர் பசியோட அடிச்சாரு” என்றாள். போய் விசாரித்தால் மனிதர் காலையில் இருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. கண்ணால் பார்க்கிற நமக்கு, கையாட்டமும் சிரிப்பும் பாதியை மறைத்துவிடுகின்றன. அவளுக்கு அந்தச் சலுகை கிடையாது. அதனால்தான் அவள் வாய்க்கு நான் பயந்தேன்.

பெடல் வந்ததற்குக் காரணம் மச்சான். கல்முனை பஸாரில் அவருக்குச் சாரன் விற்கிற துணிக்கடை. கடைக்குள் இருந்து கூப்பிட்டால் பஸ் நிலையத்தில் நிற்கிறவர் திரும்பிப் பார்ப்பார், அப்படி ஒரு குரல் அந்தக் காலத்தில். பிறகு கழுத்தில் ஒரு கட்டி வந்து, அதை வெட்டி எடுத்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. குரலும் திரும்பி வந்தது, ஆனால் மெலிந்து வந்தது. அந்த நேரம் பார்த்து மகளின் கலியாணம் முடிவானது. அவள் தொட்டிலில் கிடந்த நாளில் மச்சான் தானே கட்டிப் பாடிய ஒரு தாலாட்டு இருக்கிறது. மருதோன்றி போடுகிற அன்று வாப்பா அதைப் பாட வேண்டும் என்பது அவள் சின்ன வயதில் இருந்து கேட்டு வைத்த ஒன்று. மாப்பிள்ளை வீட்டாருக்கு வாத்தியங்கள் அவ்வளவு பிடிக்காது. பேசிப் பேசிக் கடைசியில், ஒரே ஒரு பாட்டு, ஒரே ஒரு கிட்டார், சத்தம் வேலியைத் தாண்டக் கூடாது என்று ஒத்துக்கொண்டார்கள். மெலிந்த குரலுக்கு மேலே கிட்டார் ஏறி உட்காரவும் கூடாது. இரண்டு கையும் கம்பியில் இருக்க, காலால் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்றுதான் அந்தப் பெடலைக் கொண்டுவந்தேன்.

கொண்டுவந்த அன்றே அது எங்களைக் கவிழ்த்தது. கிட்டாரை முதலில் வாசித்தேன். மச்சான் வாயைத் திறந்ததும் குதிகாலை அழுத்திச் சத்தத்தைக் குறைத்தேன். முதல் வரி சரியாக வந்தது. இரண்டாம் வரியில் சுருதி மெல்லக் கீழே இறங்கியது. மறுபடி பாடினார், மறுபடி அதே இடத்தில் இறங்கியது. மூன்றாம் தரம் தொடங்கப் போய், தொடங்காமலே மைக்கைக் கதிரையில் வைத்துவிட்டார். “எனக்கு ஏலா மச்சான். ஃபோன்ல கிடக்கிற பழைய ரெக்கோடிங்கப் போட்டு விடுவம். அதுல நல்லாத்தானே பாடியிரிக்கேன்” என்றார். மகளின் மருதோன்றி அன்று தன் பழைய குரல் ஸ்பீக்கரில் ஓட, தான் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கச் சம்மதித்த அந்த மனிதரைப் பார்க்க முடியாமல் நான் பெடலைக் காலால் ஓரமாகத் தள்ளினேன்.

அப்போதுதான் ராத்தா ஈரக் கையோடு கதவடிக்கு வந்தாள். “உங்கட கொரல் எங்கயும் போகல்ல” என்று அவரிடம் சொன்னாள். “இவன் சத்தத்தக் குறைக்கக்குள்ள கிட்டார் போர்வைக்குள்ள பூந்துடுது. புடிச்சிக்கொண்டு நடக்க ஒண்டும் இல்லாம நீங்க வழுக்கிறீங்க.” என்னைப் பார்த்து, “குறைக்கிறதெண்டா குறை. மங்கலாக்காத” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சத்தம் குறைவது வேறு, மங்குவது வேறு. இதை இதற்கு முன் எனக்கு யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

நான் ஃபோன் திருத்துகிறவன். அடுத்த நாளே என் கடையில் வைத்துப் பெடலின் அடித்தகட்டைக் கழற்றினேன். விஷயம் விளங்கியது. அது கீபோர்டுக்காகச் செய்த பெடல். கீபோர்ட் பலமாகத் தள்ளும். அதற்கு, உள்ளே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற அந்தக் கொன்ட்ரோல் பொருந்தும். கிட்டாரில் இருந்து வருவதோ பலவீனமான மின்சாரம். அதை இந்தக் கொன்ட்ரோல் உறிஞ்சிவிடுகிறது, அதிலும் முதலில் சாவது மேல் சத்தங்கள்தான். கம்பியை விரல் தட்டும்போது வருகிற அந்தப் பளிச்சென்ற ஓசை போய், தொம் தொம் மட்டும் மிஞ்சும். மச்சான் சுருதி பிடித்தது அந்தப் பளிச்சென்ற ஓசையில்தான். கொன்ட்ரோலைக் கழற்றிக் கிட்டாருக்கு ஏற்ற, மின்தடை கூடிய வேறொன்றைப் போட்டேன். பெடலை முழுக்கத் திறந்தால் கிட்டார் துலக்கமாக ஒலித்தது. குறைத்தால் இன்னமும் கொஞ்சம் மங்கல் மிச்சம் இருந்தது. அதற்கு ஒரு சின்னக் கெப்பாசிட்டரைக் குறுக்கே வைத்து ஒட்டினேன். பெரிய ரோட்டை அடைத்தாலும் மேல் சத்தங்கள் மட்டும் தப்பிப் போக ஒரு சின்னச் சந்து, ஒரு ஒழுங்கை திறந்து விடுவது மாதிரி. கடையில் ஸ்பீக்கருக்கு முன்னால் இருந்து வாசித்துப் பார்த்தேன். அபாரம். பெருமை தாங்காமல் நேரே ராத்தா வீட்டுக்குப் போனேன்.

அவள் உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வாசித்துக் குறைத்தேன். “சளி சுகம். இப்ப நுளம்பு பறக்குது” என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் அவள் சொன்னது உண்மை. ஒழுங்கை அகலமாகிவிட்டது, குறைக்கும்போது கீழ்ச் சத்தம் எல்லாம் போய், கொசு கத்துகிற மாதிரிக் கீச்சு மட்டும் தனியே நின்றது. ஸ்பீக்கரின் முகத்துக்கு நேரே இருந்து கேட்டதில் எனக்கு அது இனித்திருக்கிறது. அன்று முதல் வேலை செய்யும் இடத்தை மாற்றிக்கொண்டேன். ஸ்பீக்கரை விறாந்தையில் வைத்து, கிட்டாரை மச்சானின் மடியில் கொடுத்து, தெரிந்த மட்டும் தட்டச் சொல்லிவிட்டு, நான் குசினிக்குள் ராத்தாவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஆண்பிள்ளை குசினியில் நின்று இசை கேட்கிற கூத்தைப் பார்த்து அடுத்த வீட்டு மாமி சிரித்தார். சிரிக்கட்டும். சிறிய கெப்பாசிட்டராக மாற்றி, அதோடு ஒரு ரெசிஸ்டரையும் சேர்த்துக் கட்டியபோது, கிட்டார் தூரப் போனதே தவிர முகம் மாறவில்லை. ராத்தா ஒன்றுமே சொல்லவில்லை. அவளிடம் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

மருதோன்றி அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு, மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் பந்தலில் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே பெண்கள். மச்சான் பிஸ்மி சொல்லித் தொடங்கினார். நான் குதிகாலை இறக்கினேன். முதல் வரி. இரண்டாம் வரி. இறங்குகிற இடம் வந்தது, அவர் இறங்கவில்லை. கிட்டாரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் போனார். குரல் மெலிவுதான், ஆனால் நேராக நின்றது. கடைசிக் கண்ணிக்கு வந்தபோது அவர் இடது கை மெல்ல அசைந்தது, ‘குறை’ என்று. குறைத்தேன். மறுபடியும் அசைந்தது. அதற்கு முன் எந்தக் கச்சேரியிலும் அவர் அப்படிக் கேட்டதில்லை. இன்னும் குறைத்தேன். பெடல் அடியைத் தொட்டு, கிட்டார் முழுக்க ஓய்ந்துபோனது. நான் கையை எடுத்துவிட்டேன். கடைசி வரியை அவர் தனியாகவே பாடினார். முடிந்ததும் பெடலை லேசாகத் திறந்து, பயந்து பயந்து ஒரு கம்பியைத் தொட்டுப் பார்த்தேன். அவர் நின்ற சுருதியிலேயே அதுவும் நின்றது. பெரியவர்களில் ஒருவர் கண்ணைத் துடைத்ததை நான் காணாத மாதிரி இருந்துகொண்டேன்.

அன்று சாப்பாட்டு நேரம் ராத்தா என் சாப்பாட்டுக் கோப்பையில் இறைச்சியை அள்ளி வைத்தாள். “கடைசி வரி வரைக்கும் கிட்டார் துப்பரவாக் கேட்டிச்சுடா. அதான் பெடல்!” என்றாள். வாழ்க்கையிலேயே முதல் தரம் வாய் திறந்து பாராட்டுகிறாள். அதைக் கெடுக்க எனக்கு என்ன பைத்தியமா? வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன்.

இப்போது மகளுக்கும் ஒரு குழந்தை பிறந்து, தாலாட்டு தினமும் அந்த வீட்டில் நடக்கிறது. போன வாரம் போயிருந்தேன். மச்சான் பேரப்பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அன்று பந்தலில் இருந்த ஒருவர் எடுத்த வீடியோ எப்படியோ என் ஃபோனுக்கு வந்து சேர்ந்திருந்தது. நானும் மச்சானும் ராத்தாவுமாகப் பார்த்தோம். கடைசி வரியில் என் கை மடியில் கிடப்பதும், மச்சானின் குரல் மட்டும் போவதும் தெளிவாகத் தெரிந்தது. ராத்தா ஃபோனை என் கையில் இருந்து பறித்து, கடைசி வரியை மறுபடி ஓடவிட்டு, காதோடு வைத்துக் கேட்டாள். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு மச்சானைப் பார்த்தாள்.

“அப்ப எனக்குக் கேட்டது என்ன?” என்றாள்.