ஜெயசீலியின் விலாங்கு

ஜெயசீலிக்குக் கோபம் வரக் காரணம் வேண்டும் என்று நினைப்பவர்கள் அவளோடு ஒரு வாரம்கூடப் பழகாதவர்கள். கண்டக்டர் சில்லறை இல்லை என்றாலும் கோபம், ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் நீண்டாலும் கோபம். ராமகுப்பத்துப் பக்கம் மிஷன் பள்ளிக்கூட வாத்தியாருக்குப் பிறந்தவள். திருப்பதியில் ஒரு காலேஜில் விலங்கியல் லேப் அசிஸ்டென்ட் வேலை. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டவர்களுக்கு அவள் சொன்ன பதில்களை இங்கே எழுத முடியாது.

அந்தக் கோபக்காரியின் வீட்டில்தான் எழுபத்து நாலாம் வருஷத்திலிருந்து ஒரு விலாங்கு மீன் குடியிருந்தது.

லேபுக்குத் தவளையும் மீனும் கொண்டுவருகிற கங்கையா, வடமாலபேட்டைப் பக்கத்து ஏரியில் பிடித்து, ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தான். அப்போது விரல் தடிமன்தான். புரொபசர் பார்த்ததும் பார்மலின் ஜாடியை எடு என்றார். ஜெயசீலிக்குச் சுர்ரென்று ஏறியது. கடலில் பிறந்து, ஆறு ஏறி, வாய்க்கால் புகுந்து ஏரிவரைக்கும் வருகிற ஜீவன் இது என்று போன வாரம் வகுப்பில் வாய் கிழியப் பேசியவரும் இவர்தானே! அவ்வளவு தூரம் வந்தது இவருடைய ஜாடிக்குள் போகவா? செத்து நாறிவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டேன் என்று மறுநாள் ஒரு பொய் சொன்னாள். மீன் தூக்குவாளியில் அவளோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

காலேஜில் விரிசல் விட்டதென்று ஒதுக்கிய கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கி, விரிசலை மக்குப் பசை வைத்து அடைத்தாள். ஒளிந்துகொள்ள ஒரு மண் குழாய். மழை வாசனை பட்டால் விலாங்கு சுவரேறி ஓடிவிடும் என்பதால் தொட்டிக்கு மேல் பலகை, பலகைக்கு மேல் அம்மிக்குழவி. குழாய்த் தண்ணீரின் மருந்து வாடை போக இரண்டு நாள் குடத்தில் வைத்திருந்துதான் ஊற்றுவாள். சாயங்காலம் மண்புழுவோடு பலகையைத் தூக்கினால், மண் குழாயிலிருந்து தலை நீட்டி அவள் விரலை முட்டும். உலகத்தில் அவளுக்குக் கோபமே வராத ஒரே நேரம் அதுதான்.

வீட்டுக்காரி ரத்னம்மா நகரித் தறிக்காரர் வீட்டுப் பெண். புருஷன் போனபின் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டு கவுச்சியை விட்டவள். கவுச்சி வாடை வந்தால் அன்றைக்கே காலி என்று சொல்லித்தான் பின்கட்டை வாடகைக்குக் கொடுத்தாள். தொட்டியை முதல்முதலாகப் பார்த்த அன்று ரத்னம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "சுப்பராயுடு!" என்றாள். தெலுங்கில் நாகசாமியை அப்படித்தான் அழைப்பார்கள்.

மீனம்மா அது என்று சொல்ல ஜெயசீலி வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். பதினோரு வீடு ஏறி இறங்கிக் கிடைத்த வீடு இது. பேரைக் கேட்டதுமே கதவைச் சாத்தினவர்கள் நாலு பேர். நானா பொய் சொன்னேன், அவளாகத்தானே கும்பிடுகிறாள் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டாள். சபைப் பெண்கள், ஏன் சர்ப்பத்தை வளர்க்கிறாய் என்று கேட்டபோது மட்டும், அது மீன், கண் அவிந்தா போச்சு என்று சீறினாள். அங்கே மீன், இங்கே சாமி. விலாங்கு பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுமாம், அதை வளர்த்து உனக்கும் அந்தப் புத்தி வந்துவிட்டது என்று தம்பி எர்னஸ்ட் கேலி செய்தான். இரண்டு மாதம் அவனுக்குக் கடுதாசி போடவில்லை.

ரத்னம்மாவின் மகள் வரலட்சுமிக்குக் கல்யாணமாகி ஏழு வருஷமாகியும் வயிறு திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து தொட்டி முன்னால் கண்ணை மூடி நிற்பாள். எழுபத்தெட்டில் முழுகாமல் இருந்தாள். தீபாவளி கழிந்து நாலாம் நாள், நாகசாமிக்குப் பால் வார்க்கிற நாகுல சவிதி. ஜெயசீலி காலேஜுக்குப் போயிருந்தாள். மாற்றுச் சாவி ரத்னம்மாவிடம் இருந்தது. தாயும் மகளுமாக வேண்டுதலைத் தீர்த்தார்கள்.

மூன்று மணிக்கு ஜெயசீலி வந்தபோது குழவி தரையில் கிடந்தது. தொட்டி நிறையப் பால். மேலே மஞ்சள், பூ. விலாங்கு மூக்கை மேலே நீட்டி வாயைப் பிளந்து பிளந்து மூடிக்கொண்டிருந்தது. பிடித்து வைத்த குடத்துத் தண்ணீரைத் தேடினாள். அதில்தான் பூஜைக்கு வாசல் கழுவியிருந்தார்கள். தெருக்கோடிக் கிணற்றுத் தண்ணீரை இறைத்து வந்து, வாளியில் ஊற்றி மீனை அதில் விட்டாள். நாலரை மணிக்கு அது மல்லாந்துவிட்டது.

அவள் போட்ட சத்தத்தில் தெருவே கூடியது. என் வீட்டுக்குள் யாரைக் கேட்டு வந்தீர்கள், மூச்சுமுட்டிச் சாகடித்துவிட்டீர்களே, நீங்கள் மனுஷர்கள்தானா என்று கத்தினாள். ரத்னம்மா அசையவில்லை.

"நாலு வருசமா கும்புட்டுக்கினு இருக்கறேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, வாணாம்னு சொன்னியா நீ?"

ஜெயசீலிக்குக் கோபம் இன்னும் பொங்கியது, இந்தத் தடவை தன்மேலேயே.

அப்போதுதான் வரலட்சுமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்தாள். ஏழாம் மாதம். உதடெல்லாம் வெளுத்திருந்தது.

"சாமிய நானே கொன்னுட்டேனாக்கா? எம் புள்ளைக்கு ஆவாதே."

"அது மீனு. விலாங்கு மீனு. சாமியும் இல்ல, பாம்பும் இல்ல."

வரலட்சுமி தலையை ஆட்டினாள். தன் மனசு தேறுவதற்காக அக்கா சொல்கிறாள் என்று நினைத்தாள். செவுளைத் திறந்து காட்டினாலும் துடுப்பை விரித்துக் காட்டினாலும் அவள் அழுகை நிற்கவில்லை. ரத்னம்மா நெய்க்கும் வெள்ளைத் துணிக்கும் ஆள் அனுப்பிவிட்டாள். நாகத்துக்குச் செய்கிறபடி தகனம் செய்ய வேண்டுமாம்.

ஜெயசீலி எழுந்தாள். அடுப்புச் சாம்பலை இரண்டு கையாலும் அள்ளி வழுவழுப்புப் போக மீனை உருவினாள். அரிவாள்மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தலையை முதலில் அறுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். புளி கரைத்தாள், மிளகாய்த்தூள் போட்டாள். கவுச்சி வாடை முன்கட்டு வரைக்கும் போனது. ரத்னம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

சோற்றைப் போட்டுக்கொண்டு வரலட்சுமிக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நல்லா பாத்துக்கோ. சாமிய எவளாவது கொழம்பு வெச்சித் துன்னுவாளா?"

துண்டு துண்டாகத் தின்றாள். வரலட்சுமி பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்றாவது துண்டுக்கு அழுகை நின்றது. ஐந்தாவதுக்கு மூச்சு சீராகி, மீன்தாம்மா, வெறும் மீன்தான் என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். அந்த மாதத்தோடு காலி செய்துவிடச் சொன்னாள் ரத்னம்மா. ஜெயசீலி சரி என்றாள்.

புரொபசரை, ரத்னம்மாவை, பதினோரு வீட்டுக்காரர்களை எல்லாம் அவள் பின்னாளில் ஒருவழியாக மன்னித்துவிட்டாள். ஆனால் அன்றைக்குக் குழம்பு ருசியாக இருந்தது. அதற்காக மட்டும் அவள் தன்னைக் கடைசிவரைக்கும் மன்னிக்கவில்லை.