கூடுதலாய் ஒரு சிறங்கை

போன ஞாயிற்றுக்கிழமை மாமா வீடியோவில் வந்தபோது பெரியம்மா சமைக்கிற குசினிக் கூரையில் ஒரு காகம் கத்திக்கொண்டிருந்தது. மாமா கதையை நிறுத்திவிட்டார். "பிள்ளை, போனை ஒருக்கா அந்தப் பக்கம் திருப்பு" என்றார். திருப்பினேன். தகரக் கூரையையும் காகத்தையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் யன்னலுக்கு வெளியே பனி கொட்டியது. பக்கத்தில் கதிரையில் இருந்த பெரியம்மா, "உவன் இருக்கிற இடத்திலை காகமே இல்லையாமோ, கேள்" என்றார். இருக்கிறதாம். ஆனால் அவை கத்தினால் ஒருவரும் வருவதில்லையாம்.

எங்கள் உரும்பிராயில் காகம் கத்தினால் விருந்தாளி வரும். இதை நம்பாதவர்களும் உண்டு. என் அப்பா அவர்களில் ஒருவர். ஆனாலும் காகம் கத்திய நாளில் அவர் கிழியாத சாரமாகப் பார்த்துத்தான் உடுத்துவார்.

பெரியம்மா என் அம்மாவின் தமக்கை. எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரு கிடுகு வேலி, அதில் ஆள் நுழைய ஓர் இடைவெளி. அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போகிறவர்கள். ஆகவே பள்ளிக்கூடம் இல்லாத நேரமெல்லாம் நான் அந்த இடைவெளிக்கு அப்பால்தான் வளர்ந்தேன். பெரியம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லை. சட்டை தைத்துச் சீவித்தார். பெரியப்பா நான் முதலாம் வகுப்புப் படிக்கும்போது ஏஜென்சிக்காரன் ஒருவனை நம்பி வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டவர். வழியில், எங்களில் ஒருவருக்கும் சரியாகச் சொல்ல வராத ஒரு குளிர்நாட்டு ஊரிலிருந்து ஒருமுறை போன் எடுத்தார். இன்னும் கொஞ்சத் தூரம் நடக்க வேண்டிக் கிடக்கு என்றாராம். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. இன்றுவரை இல்லை.

அவர் போய் ஒரு வருடம் கழிந்திருக்கும். பெரியம்மாவின் குசினிக் கூரைக்குத் தினமும் காலையில் ஒரு காகம் வரத் தொடங்கியது. வந்தால் சும்மா போகாது, ஊரைக் கூட்டும். பெரியம்மா அரிசி புடைக்கிற சுளகோடு வெளியே வந்து, வெயிலுக்குக் கையைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்ப்பார்.

"ஆர் வரப்போகினம்? வாறதெண்டால் தள்ளி இருந்து காட்டு."

காகம் தள்ளி இருக்கும். சரிவான தகரத்தில் எந்தக் காகம்தான் ஒரே இடத்தில் இருக்கும் என்று அப்பா வேலிக்கு இப்பாலிருந்து கேட்பார். பெரியம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். உள்ளே போய், தனக்கு அளந்த அரிசியோடு இன்னொரு சிறங்கை அள்ளிப் போடுவார். அவருடைய உள்ளங்கை குழிந்து அந்த அரிசியை ஏந்தும் விதம் இப்போதும் என் கண்ணில் நிற்கிறது.

மத்தியானம் விருந்தாளி வருவார். மாமாதான் வருவார்.

மாமா பெரியம்மாவுக்கும் அம்மாவுக்கும் தம்பி. கலியாணம் செய்யவில்லை. தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைக்கிற மெசின்களைத் திருத்துகிற வேலை. சந்திக்குப் பக்கத்தில் தன் பட்டறைக்குப் பின்னால் ஓர் அறையில் இருந்தார். நல்ல பகிடிக்காரர். ஆனால் எங்கள் வீட்டில் எந்த நேரம் சாப்பிடக் கூப்பிட்டாலும் "இப்பதான் சாப்பிட்டனான்" என்பார். கடைப் பாணும் பிளேன்ரீயும் அவருடைய வயிற்றில் என்ன பாடு படுகின்றனவோ என்று அம்மா புறுபுறுப்பார். பெரியப்பாவுக்கு அந்த ஏஜென்சிக்காரனைக் கூட்டி வந்து காட்டியவர் மாமாதான் என்பது எனக்குப் பின்னாளில்தான் தெரியும். அதற்குப் பிறகு அக்காமாரின் வீட்டில் கை நனைக்க அவருக்கு மனம் வரவில்லை.

காகம் கூப்பிட்டால் மட்டும் வருவார். வாசல் படலையடியில் சைக்கிள் மணியை அடித்துவிட்டு, "அக்கா, காகம் ஆரை வரச் சொன்னது?" என்று கேட்பார்.

"ஒரு நல்ல மனிசனை வரச் சொன்னது. ஆளைக் காணேல்லை. நீ வந்து நிக்கிறாய்."

"நல்ல மனிசன் வரும்மட்டும் அந்தச் சோத்துக்கு நான் காவல் இருக்கிறன்."

காவல் இருந்து முழுவதையும் முடித்துவிட்டுத்தான் எழும்புவார். இடையில் ஊர்ப் புதினம் எல்லாம் வரும். யாருடைய மெசின் கிணற்றுக்குள் விழுந்தது, விழுந்ததற்கு மனைவியை யார் ஏசினார், மனைவி திருப்பி என்ன கேட்டார். பெரியம்மா சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். அந்த வீட்டில் சிரிப்புக் கேட்கிற நேரம் அது ஒன்றுதான். விடுமுறை நாட்களில் அம்மா தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டு அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒருநாள் விடியற்காலையில் சாமிக்குப் பூப் பிடுங்க நான் வேலியோரம் போனேன். குறுகிய ஒழுங்கையில் மாமாவின் சைக்கிள் மதிலில் சாத்தியிருந்தது. மாமா ஒரு பையிலிருந்து சூடைமீன் தலையை எடுத்துக் குசினிக் கூரையில் எறிந்தார். மெல்லச் சீழ்க்கை அடித்தார். காகம் வந்து கத்தத் தொடங்கியதும், ஏறினால் சத்தம் போடுகிற சைக்கிளை ஏறாமல் உருட்டிக்கொண்டே போய்விட்டார். பிறகு நான் அதைக் கவனித்தே வந்தேன். வெள்ளிக்கிழமைகளில் மீன் இல்லை, பாண் துண்டு. காகத்தையும் மாமா சைவமாக வைத்திருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. வரவேண்டியவர் வராமல் ஏங்கிப்போய் இருக்கிற ஒருவரிடம் விளையாடுகிற விளையாட்டா இது? பெரியம்மாவிடம் சொல்லத் தருணம் பார்த்துக்கொண்டிருந்தேன். புரட்டாதிச் சனி வந்தது.

பெரியப்பாவுக்கு ஏழரைச் சனி என்று சாத்திரியார் சொல்லியிருந்தார். அதனால் அந்தச் சனிக்கிழமை பெரியம்மா கோயிலில் எள்ளெண்ணெய் எரித்துவிட்டு வந்து, எங்கள் எல்லோருக்குமாகச் சமைத்தார். வாழையிலையில் சோறும் கறிகளும் எள்ளும் வைத்து முற்றத்தில் காகத்தைக் கூப்பிட்டார். காகம் வாய் வைத்த பிறகுதான் நாங்கள் சாப்பிடலாம். விரதம் இருந்த வயிறுகள் எல்லாம் முற்றத்தில் கூடி நின்று கா கா என்று கத்தின.

காகங்கள் இருந்தன. முருங்கையில் வரிசையாக இருந்து எங்களைப் பார்த்தன. ஒன்றுகூட இறங்கவில்லை. விசேஷ நாள் என்று மாமா அன்று விடிய ஒரு பை நிறையக் கடலை வடை எறிந்ததை நான் கண்டிருந்தேன். வயிறு முட்டிய காகத்துக்கு எள்ளுச் சோறு எதற்கு?

நேரம் போகப் போகப் பெரியம்மாவின் முகம் வாடியது. "அவருக்கு என்னவோ நடந்திட்டுது போலை" என்று மெல்லச் சொன்னார். அதற்குப் பிறகு ஒருவரும் கூப்பிடவில்லை. நான் மாமாவைப் பார்த்தேன். எப்போதும் ஒரு பகிடி வைத்திருக்கிற மனிதரிடம் அன்று ஒன்றும் இருக்கவில்லை.

அப்போது ஓர் அணில் இலைக்கு வந்து ஒரு பருக்கையை எடுத்தது. எதையும் நம்பாத என் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "அணிலும் சனீஸ்வரன்ரை ஆள்தான். எல்லாரும் வாங்கோ, சாப்பிடுவம்" என்றார். அந்தப் பொய்க்காக அப்பாவை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். எல்லோரும் உள்ளே போனோம். மாமா வரவில்லை. முருங்கைக்குக் கீழே நின்று காகங்களிடம் ஏதோ கதைத்துக்கொண்டிருந்தார். வெயில் சாய்ந்தபோது ஒரு காகம் இறங்கி, வேண்டா வெறுப்பாக இலையை ஒரு கொத்துக் கொத்தியது. "அக்கா, திண்டிட்டுது" என்று கத்திக்கொண்டு மாமா குசினிக்கு ஓடினார். அவர் கண் கலங்கியிருந்தது.

பின்னேரம் பெரியம்மா சட்டி கழுவும்போது நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தினமும் காகத்துக்குச் சாப்பாடு போட்டுக் கத்த வைப்பது மாமாதான் என்று. அவர் சாம்பலைத் தொட்டுச் சட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"தெரியும் பிள்ளை. கூரையிலை எறியிற சூடைத்தலை எல்லாம் கூரையிலையே நிக்குமே? பாதி வழுக்கி என்ரை தண்ணி வாளிக்குள்ளைதான் விழுது."

"அப்ப ஏன் மாமாவைப் பேசேல்லை?"

"பேசினால் அவன் நிப்பாட்டிப் போடுவான். பிறகு மத்தியானம் எங்கை சாப்பிடுவான்? நீ ஒண்டும் சொல்லிப் போடாதை, என்ன?"

எனக்குத் தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை. தம்பிக்குச் சோறு கொடுக்க வேண்டுமென்றால் வா என்று கூப்பிடலாமே, இதற்கு நடுவில் ஒரு காகம் எதற்கு என்று யோசித்தேன். இருவருக்கும் விசர் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

அடுத்த தைப்பொங்கல் முடிந்த கையோடு மாமாவும் வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டார். பெரியப்பா போன அதே வழியால்தான் போவேன் என்று நின்றார். அம்மா அழுதார், அப்பா ஏசினார். மாமா கேட்கவில்லை. போகிற நாள் மத்தியானம் பெரியம்மா வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது, "அத்தானைக் கண்டால் காதிலை பிடிச்சு இழுத்துக்கொண்டு வாறன் அக்கா" என்றார். பெரியம்மா சிரிக்கவில்லை. மாமாவும் சிரிக்கவில்லை. ஒரு பகிடி இப்படிக் கேட்பாரில்லாமல் நின்றதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

மறுநாள் காலை காகம் வந்தது. கூரையில் அங்குமிங்கும் தேடிவிட்டுச் சத்தமில்லாமல் போய்விட்டது. சில நாட்களில் வருவதையும் விட்டுவிட்டது. பெரியம்மா தனக்கு மட்டும் அளந்து சமைத்தார். மத்தியானத்தில் ஒழுங்கையில் எந்தச் சைக்கிள் மணி கேட்டாலும் நான் படலைக்கு ஓடினேன். மாமா இல்லாமல் அந்த வீட்டில் இருக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. மாமா எங்கே நிற்கிறார் என்று அப்போது ஒருவருக்கும் தெரியாது. அவர் போய்ச் சேர்ந்த செய்தி வர இன்னும் மாதங்கள் கிடந்தன.

ஒரு விடியலில் பூப் பிடுங்கும்போது வேலி இடைவெளியால் பார்த்தேன். பெரியம்மா ஆட்டுக்கல்லில் ஏறி நின்று பாண் துண்டுகளைக் கூரையில் வைத்துக்கொண்டிருந்தார். வைத்துவிட்டு இறங்கி, உள்ளே போய்க் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டார். காகம் வந்து கத்தியது. கதவு திறந்தது. பெரியம்மா சுளகோடு வெளியே வந்து, வெயிலுக்குக் கையைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

"ஆர் வரப்போகினம்? வாறதெண்டால் தள்ளி இருந்து காட்டு."

காகம் தள்ளி இருந்தது.

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. பூத்தட்டோடு வேலிக்குள்ளால் நுழைந்து ஓடினேன். "நீங்களே சாப்பாடு வைச்சிட்டு நீங்களே கேக்கிறியள்" என்றேன். பெரியம்மாவும் சிரித்தார். மாமா போன பிறகு அன்றுதான் சிரித்தார். சிரித்தபடியே தன் அரிசியை அளந்தார். அதன்மேல் ஒரு சிறங்கை அள்ளிப் போட்டார். பிறகு இன்னொரு சிறங்கையும் அள்ளிப் போட்டார்.

"பெரியம்மா, ஒரு சிறங்கை கூடிப்போச்சு."

"இல்லைப் பிள்ளை. சரியாத்தான் போட்டனான்."

நான் கணக்கில் கெட்டிக்காரி. கூரையில் கத்தியது ஒரு காகம்தான் என்று அவருக்கு எடுத்துச் சொன்னேன்.