ஒற்றைக் கைச் சட்டை

என் தகரப் பெட்டியின் அடியில் ஒரு குழந்தைச் சட்டை இருக்கிறது. கைக்குழந்தைக்குத்தான் பொருந்தும். வெள்ளை மல் துணி, இப்போது பழுப்பேறிவிட்டது. இடது கை தைத்து முடிந்திருக்கிறது. வலது கை பாதியில் நிற்கிறது. நின்ற இடத்திலேயே ஊசியும் குத்தியிருக்கிறது. ஊசி துருப்பிடித்துத் துணியோடு ஒட்டிக்கொண்டதால் இனி அதை உருவ முடியாது, உருவினால் துணி கிழியும். சட்டையை எடுத்து வெயிலில் காட்டும்போதெல்லாம் வீட்டில் யாராவது, ஊசி குத்திவிடப் போகிறது, பார்த்து எடுங்கள் என்பார்கள். துருப்பிடித்த ஊசி என்ன செய்யும் என்று, ஆஸ்பத்திரியிலேயே காலம் தள்ளிய எனக்குப் பாடம் நடத்துவார்கள். தலையை ஆட்டிவிட்டு மறுபடி மடித்து வைத்துவிடுவேன்.

தைத்தவள் என் சின்னம்மா, அம்மாவின் ஒரே தங்கை. கொல்லிமலையில் அந்தக் காலத்தில் சட்டை தைக்கத் தெரிந்த பெண் என்று நான் அறிந்தது அவள் ஒருத்தியைத்தான். மலையில் பிள்ளைக்குச் சட்டை தைக்கும் வழக்கமே கிடையாது. பிறந்த பிள்ளையைத் தாயின் பழஞ்சேலைக் கிழிசலில் சுற்றி வைப்பார்கள். நடக்கத் தொடங்கிவிட்டால் அதுவும் போய் அரைஞாண் கயிறுதான் மிஞ்சும். சின்னம்மா கல்யாணத்துக்கு முன்பு காப்பித் தோட்டத்துத் துரை வீட்டில் பிள்ளை பார்க்கும் வேலையில் இருந்தாள். துரைசாணி மழைக்காலம் முழுக்கச் சன்னலோரம் உட்கார்ந்து தன் பிள்ளைக்குத் தைப்பாளாம். இவள் தொட்டிலை ஆட்டிக்கொண்டே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். ஆனால் பார்த்ததை அப்படியே தைக்கவில்லை. தையல் மடிப்புகளை எல்லாம் சட்டையின் வெளிப்பக்கம் வைத்தாள். உள்ளே இருந்தால் பச்சை உடம்பை உறுத்துமாம். தைத்து முடித்ததும் உள்பக்கத்தைத் தன் உதட்டில் வைத்து மெல்ல இழுத்துப் பார்ப்பாள். எங்கேயாவது சொரசொரத்தால் பிரித்துவிட்டு மறுபடி தைப்பாள். பொத்தான் கிடையாது, துணியிலேயே திரித்த கயிறு. பார்த்தவர்கள் சட்டையைத் திருப்பிப் போட்டிருப்பதாக நினைத்துச் சிரித்தார்கள். "சிரிக்கறவீங்களா இதப் போட்டுக்கப் போறாங்க?" என்று அவளும் சேர்ந்து சிரித்தாளாம். அவள் சிரித்து நான் பார்த்தது ஒரே ஒரு முறைதான், அதைப் பிறகு சொல்கிறேன்.

மலையிலேயே எடப்புளி நாடு என்கிற பகுதியில் வாழ்க்கைப்பட்டுப் பல வருஷமாகியும் அவளுக்குப் பிள்ளை இல்லை. தேவனூர் நாட்டில் இருந்த அக்காளுக்குப் பிறக்கும் பிள்ளைகள்தான் அவளுக்கு எல்லாம். அக்காள் முழுகாமல் இருக்கிறாள் என்று சேதி வந்த அன்றே, அடிவாரச் சந்தைக்கு இறங்கும் ஆட்களிடம் மிளகைக் கொடுத்தனுப்பித் துணி வாங்கி வரச் சொல்வாள். என் மூத்த அண்ணன்தான் அவள் கையால் சட்டை போட்ட முதல் பிள்ளை. பெயர் வைத்த அன்று அதைப் போட்டுவிட்டதும் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்களாம். அம்மாவுக்கு அன்று தரையில் கால் பாவவில்லை. மழை விட்டதும் காய்ச்சல் வந்தது, அண்ணன் போய்விட்டான். அடுத்த அண்ணனுக்கும் சட்டை வந்தது, அவனும் அதே போல் போனான். பிறகு ஒரு அக்கா. அவள் சட்டையில் சின்னம்மா கழுத்தைச் சுற்றிச் சிவப்பு நூலில் ஒரு ஓட்டம் கொடுத்திருந்தாளாம், பெண் பிள்ளை என்று. மூன்று பேரையும் போட்டிருந்த சட்டையோடுதான் புதைத்தார்கள்.

சட்டை போடாத பிள்ளைகளும் அந்த வருஷங்களில் காய்ச்சலில் செத்துக்கொண்டுதான் இருந்தன. ஆனால் அம்மணமாகச் செத்த பிள்ளை யார் கண்ணையும் உறுத்தவில்லை. சட்டை போட்ட பிள்ளையை ஊரே பார்த்திருந்தது, அதனால் அது செத்ததும் ஊருக்கு நினைவிருந்தது. முதலில் கண்பட்டுவிட்டது என்றார்கள். அப்புறம் சிங்காரித்துக் காட்டினால் எமன் சும்மா விடுவானா என்றார்கள். மூன்றாவதும் போனபின், பிள்ளை பெறாதவள் கை பட்ட துணி என்று பேச்சு வந்து நின்றது.

நான் வயிற்றில் இருந்தபோது, பிள்ளை தங்காத வீட்டுக்குச் செய்யும் முறையை எனக்கும் செய்வதென்று முடிவானது. பிறந்த பிள்ளையைக் குப்பைமேட்டில் புரட்டி எடுத்துக் குப்பன், குப்பாயி என்று பெயர் வைப்பார்கள். வீடு வீடாகப் போய்க் கந்தல் பிச்சை வாங்கி, அதைத்தான் உடுத்துவார்கள். யாரும் வேண்டாமென்று எறிந்த பிள்ளை என்று எமனும் எடுக்காமல் போய்விடுவான் என்பது நம்பிக்கை. புதுத்துணி ஒரு நூல் கூட மேலே படக்கூடாது. சின்னம்மா ஏற்கெனவே தைக்கத் தொடங்கிவிட்டாள் என்று தெரிந்ததும், அம்மா நிறைவயிற்றோடு மலை ஏறி இறங்கி அவள் வீட்டுக்குப் போனாள். போனபோது சின்னம்மா வாசலில் வெளிச்சம் பார்த்து உட்கார்ந்து வலது கையைத் தைத்துக்கொண்டிருந்தாள். அம்மா உள்ளே கூடப் போகவில்லை. நின்றபடியே சொன்னாள்: "அம்மிணி, உன்ற கையால இனி ஒண்ணும் தெக்காத. இதாச்சும் எனக்கு நிக்கட்டும்."

சின்னம்மா ஊசியைத் துணியிலேயே குத்தினாள், சட்டையைச் சுருட்டினாள், அக்காளுக்குத் தண்ணீர் கொண்டுவர எழுந்து போனாள். அம்மா அதைக் குடிக்காமலேயே திரும்பிவிட்டாள். இதை என்னிடம் சொன்னவள் அம்மாதான், மறைக்காமல் சொன்னாள். அம்மா கெட்டவள் இல்லை. மூன்றைக் குழியில் வைத்தவளிடம் நியாயம் பேசுவதற்கு எனக்கு வாய் வந்ததில்லை. ஆனாலும் அந்தத் தண்ணீரைக் குடித்திருக்கலாம்.

நான் பிறந்தேன். குப்பையில் புரட்டினார்கள், குப்பாயி என்றார்கள், ஊரார் கந்தலில் சுற்றினார்கள். அந்த வருஷமும் மழை விட்டதும் காய்ச்சல் வந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை, கல்லுக்குண்டு மாதிரி வளர்ந்தேன். நான் தவழ்ந்தபோது ஊருக்குச் சந்தேகம் தீர்ந்தது. நடந்தபோது அம்மாவுக்கும் தீர்ந்தது. நான் வளர வளரச் சின்னம்மா மேல் விழுந்த பழி முற்றிப் பழுத்துக்கொண்டே போனது. இதற்கு நான் என்ன செய்ய முடியும், சாகவா முடியும்?

அவள் நோம்பி, பண்டிகை என்றால் எங்கள் வீட்டுக்கு வருவாள். எனக்குத் தினைமாவு உருண்டை கொண்டுவருவாள், ஆனால் கையில் தரமாட்டாள், இலையில் வைத்துத் தள்ளிவிடுவாள். ஒரு முறை மரமேறிக் குதித்ததில் என் பாவாடை இடுப்போரம் கிழிந்துவிட்டது. சின்னம்மாவுக்குத் தைக்கத் தெரியும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்ததால் நேரே அவளிடம் ஓடினேன். இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "உங்கம்மாகிட்டக் குடு சாமி" என்றாள். ஆனால் கண் கிழிசலை விட்டு நகரவில்லை. முந்தானைக்குள்ளே அவள் கட்டைவிரலும் சுட்டுவிரலும் நூல் நுனியைத் திரிப்பது போல உரசிக்கொண்டிருந்தது துணிக்கு மேலேயே தெரிந்தது.

பிறகு நான் கீழ்நாட்டுக்குப் படிக்கப் போனேன், சேலத்தில் தாதி வேலைக்குப் பயின்றேன். குப்பாயி என்ற பெயரை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் நான் பட்ட பாடு தனிக்கதை. என் அண்ணன்மார்களையும் அக்காவையும் கொன்றது எது என்று அங்கேதான் தெரிந்தது. எனக்குக் கல்யாணமாகி முதல் பிள்ளை உண்டானபோது யுத்தகாலம். துணிக்குக் கண்ட்ரோல். மலைக்குப் போனேன். அம்மாவைப் பார்த்துவிட்டு நேரே சின்னம்மா வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். அது கொசு கொண்டுவரும் காய்ச்சல் என்றும், சட்டைக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்றும், படித்ததை எல்லாம் கொட்டினேன். அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டாள். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும், "அப்ப அந்தக் கொசு உன்னைய மட்டும் ஏன் சாமி வுட்டுட்டுப் போச்சு?" என்றாள்.

சில உடம்பு தாங்கும், சிலது தாங்காது என்றேன். எனக்கே அது பதிலாகப் படவில்லை. அவள் பொறுமையாகத் தலையசைத்தாள். அழுகிற பிள்ளையைச் சமாதானம் செய்கிற முகம் அது. என் பிள்ளைக்கு நீங்கள்தான் தைக்க வேண்டும், தைக்கிறவரை இங்கேயே கிடப்பேன் என்றேன். எழுந்து பரணிலிருந்து மூங்கில் கூடையை இறக்கினாள். அடியிலிருந்து இந்தச் சட்டையை எடுத்தாள். அப்போதே ஊசி துருவேறியிருந்தது. ஆட்டிப் பார்த்தாள், வரவில்லை. பழக்கம் போலச் சட்டையின் உள்பக்கத்தை உதட்டருகே கொண்டுபோனாள், பாதியிலேயே கையை இறக்கிவிட்டாள்.

"இத அடுப்புல போட எனக்குக் கை வரல. நீ கொண்டுபோயி எரிச்சுப்போடு. உன்ற பிள்ளைக்குக் கந்தலே போதும் சாமி."

எனக்கு மகன் பிறந்தான். புதுத்துணி கிடைக்காத காலம், ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்ட பழைய விரிப்பைக் கிழித்துத்தான் அவனைச் சுற்றி வைத்திருந்தேன். அந்த வயதில் சின்னம்மா மலையிறங்கி வருவாள் என்று நான் நினைக்கவேயில்லை. வந்தாள். நிலைப்படிக்கு வெளியே நின்று பிள்ளையை எட்டிப் பார்த்தாள். கிழிந்த விரிப்பையும் பார்த்தாள். அப்போதுதான் சிரித்தாள், வாய் நிறைய. "நல்ல வேளை கண்ணு, நான் தெக்கல" என்றாள். உள்ளே வரச்சொல்லி எவ்வளவோ கெஞ்சினேன். கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனாள். அடுத்த மழைக்காலத்தில் செத்துப்போனாள். எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குச் சேதி வந்தது.

என் மகன் பிழைத்தான், அவனுக்குப் பின் பிறந்ததுகளும் பிழைத்தன. கொசுவை ஒழிக்க மருந்தடிக்கும் ஆட்கள் பிற்பாடு மலைக்கும் போனார்கள். ஒவ்வொரு பிள்ளை பிழைத்தபோதும் அம்மா, நல்ல வேளை அவள் தைக்கவில்லை என்றுதான் சொன்னாள். தங்கையிடம் சொன்னதைச் சாகும்வரை அவள் திரும்பப் பெறவில்லை.

போன வாரம் பெட்டியைத் திறந்து சட்டையை வெயிலில் போட்டிருந்தேன். பேத்தி வந்து தொட்டுப் பார்த்தாள். ஏன் தையல் எல்லாம் வெளியே இருக்கிறது, இது யாருடையது என்று கேட்டாள். என்னுடையது என்றேன். நீங்கள் போட்டதே இல்லையா என்றாள். இல்லை என்றேன். அதனால்தான் இன்னும் உயிரோடு இருக்கிறேன் என்று என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.