குதிரையின் வயிற்றில் என் கை

எங்களை ராவுத்தர் என்பார்கள். ராவுத்தர் என்றால் குதிரைக்காரர் என்று பொருள் என்பதை என் வீட்டுக்காரர் கேட்டவர்களுக்கும் சொல்வார், கேட்காதவர்களுக்கும் சொல்வார். சொல்லிக்கொண்டே இரண்டு கெஜம் மல் துணியைக் கிழித்துக் கொடுப்பார். தென்காசியில் எங்களுக்குச் சின்னதாக ஒரு ஜவுளிக்கடை. அவருடைய அத்தாவும் துணிதான் விற்றார், அந்த அத்தாவுக்கு அத்தாவும் துணிதான் விற்றார். குதிரைமேல் ஏறி உட்கார்ந்தவர் என்று ஒருத்தரைக்கூட அந்தக் குடும்பத்தில் நான் கேள்விப்பட்டதில்லை.

ஸ்டேஷனிலிருந்து குற்றாலத்துக்கு பஸ் ஓட ஆரம்பித்த காலம் அது. சாரலுக்கு வருகிறவர்கள் ஜட்காவை விட்டுவிட்டு பஸ்ஸில் ஏறினார்கள். ஒரு ஜட்காக்காரர் வண்டியை விறகுக்கு உடைத்துப் போட்டுவிட்டுக் கொல்லம் பக்கம் வேலைக்குப் போனார். போகும்போது அவருடைய செவலைக் குதிரையை என் வீட்டுக்காரர் தலையில் கட்டிவிட்டுப் போனார். ஊரே குதிரையை விற்கிற நேரத்தில் இவர் ஒருத்தர்தான் வாங்கினார். கேட்டதற்கு, வண்டிக்குத்தான் காலம் போச்சு, குதிரைக்குப் போகவில்லை என்றார். ஜமீன்தார்களும் எஸ்டேட் துரைகளும் பஸ்ஸிலா வேட்டைக்குப் போவார்கள் என்று என்னையே திருப்பிக் கேட்டார். அது பெட்டைக் குதிரை. நல்ல ஜாதி ஆண் குதிரையோடு சேர்த்து வருஷத்துக்கு ஒரு குட்டி எடுப்பது அவர் யோசனை. முதல் குட்டியை மட்டும் விற்பதில்லை. அதில் அவரே ஏறி ரத வீதியைச் சுற்றி வருவார். இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எனக்கு எரிச்சலும் வந்தது, ஆசையாகவும் இருந்தது. இரண்டில் எது அதிகம் என்று அப்போதே தெரியவில்லை.

ஆடி பிறந்ததும் ஒரு ஜமீன் குடும்பம் குற்றாலத்து பங்களாவுக்கு வந்து இறங்கியது. அவர்களோடு சென்னைப்பட்டணத்தில் பந்தயம் ஓடிய ஆண் குதிரை ஒன்றும் வந்தது. நெற்றியில் வெள்ளைப் பொட்டு உள்ள குதிரையாம். என் வீட்டுக்காரர் நாலு நாள் நடையாய் நடந்து, அந்தக் குதிரைக்காரரைப் பிடித்து, ஒரு சரிகை வேட்டியைக் கொடுத்து, காரியத்தை முடித்துவிட்டு வந்தார். நான் பார்க்கவில்லை. பெண்பிள்ளை பார்க்கிற காரியமா அது? எப்போது குட்டி போடும் என்று மட்டும் கேட்டேன். அதுக்கு நேரம் வந்தா தானா போடும் என்று குதிரைக்காரர் சொன்னாராம். மேற்கொண்டு கேட்க இவருக்கு வெட்கம். ராவுத்தராகப் பிறந்துவிட்டு இதைக்கூடவா கேட்பது என்று நினைத்திருக்கிறார். அங்கே பிடித்தது எங்கள் கஷ்டகாலம்.

ஊருக்குள் இருந்த ஜட்காக்காரர்களையும் அவர் கேட்கவில்லை. கேட்டாலும் பிரயோஜனம் இருந்திருக்காது. அவர்கள் சந்தையில் வளர்ந்த குதிரையை வாங்கி ஓட்டுகிறவர்கள். குட்டி போட விட்டால் வண்டி யார் இழுப்பது? மீதி இருந்தவர்கள் எல்லாம் வயல்காரர்கள். மாட்டைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். அவர்கள் சொன்ன கணக்குத்தான் எங்கள் வீட்டுக் கணக்காயிற்று. ஒன்பது மாசம், பத்து நாள். ஆடியில் சேர்த்தது, சித்திரையில் குட்டி. என் வீட்டுக்காரர் கடைச் சுவரில் கரிக்கட்டியால் மாசத்துக்கு ஒரு கோடு போட்டார்.

குதிரை சினையா, இல்லையா என்பதில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். கண்ணைப் பார்த்தாலே தெரியும் என்றார் ஒருவர். காதில் தண்ணீர் விட்டுப் பார்க்கச் சொன்னார் இன்னொருவர். விட்டதற்கு அது தலையை உதறி என்னை முழுக்க நனைத்ததுதான் மிச்சம். தீனி வைப்பது, தண்ணீர் காட்டுவது, கொள்ளு ஊறப்போடுவது எல்லாம் என் பொறுப்பு. குதிரைக்காரர் அவர், கொள்ளு மட்டும் நான்.

பங்குனி மாசம் ஒரு காலையில் வாளித் தண்ணீரை அது குடித்துக்கொண்டிருந்தது. நான் அதன் வயிற்றோரத்தில் சாய்ந்து, கையை அடியில் வைத்தபடி நின்றேன். உள்ளேயிருந்து என் உள்ளங்கையை ஒன்று முட்டியது. கையை எடுத்துவிட்டேன். மறுபடியும் வைத்தேன். மறுபடியும் முட்டியது. வாளியைக் கீழே போட்டுவிட்டு முற்றத்தைத் தாண்டி ஓடினேன். கடைக்குப் போகும் நடையில் கால் நின்றுவிட்டது.

ஏன் நின்றேன் என்று சொன்னால்தான் மற்றது விளங்கும். எனக்குக் கல்யாணமாகி அப்போது நாலு வருஷம். அதற்குள் இரண்டு தடவை நான் உண்டாகியிருப்பதாகச் சொல்லியிருந்தேன். முதல் தடவை நாள் தள்ளியதும் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். இரண்டாம் தடவை நாலு மாசம் பொறுத்து, வயிற்றுக்குள் அசைவதை என் கையால் தொட்டுப் பார்த்து, சத்தியமாக அசைகிறது என்று சொன்னேன். என் மாமியார் தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்தார். மருத்துவச்சி வந்து அமுக்கிப் பார்த்துவிட்டு, பிள்ளையும் இல்லை ஒன்றுமில்லை, வெறும் வாயு என்று சொல்லிவிட்டுப் போனாள். அதன் பிறகு யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் என்னைப் பார்த்து ஒரு பார்வை. பின்னால் எனக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். ஆனால் அந்த நாளில் என் கையை நானே நம்புவதாக இல்லை. சொந்த வயிற்றிலேயே தப்பாகப் பார்த்த கை, குதிரை வயிற்றில் மட்டும் சரியாகப் பார்க்குமா? திரும்பி வந்து வாளியை எடுத்துக்கொண்டேன்.

அப்புறமும் அது முட்டியது. சில நாள் முட்டும், சில நாள் முட்டாது. முட்டிய நாளில் குட்டிதான் என்று தோன்றும். முட்டாத நாளில், அடிப்பாவி, குதிரைக்கும் உன் நோயை ஒட்டவைத்துவிட்டாயா என்று தோன்றும். மண்டை குழம்பிப்போய் இருந்தேன்.

சித்திரை முடிந்தது. குட்டி இல்லை. வைகாசி பாதி போனது. அப்போதும் இல்லை. மாட்டு வைத்தியர் ஒருவரை அழைத்து வந்தார்கள். நல்ல மனுஷர், கைராசிக்காரர் என்று பேர். அவர் வந்து வாலைத் தூக்கிப் பார்த்தார், மடியைத் தொட்டுப் பார்த்தார், வயிற்றில் காதை வைத்துக் கேட்டார்.

“மாடா இருந்தா இந்நேரம் மடி எறங்கியிருக்கும் ராவுத்தரே. இங்கன மடியே விடலையே. கொள்ளைக் கொட்டிக் கொட்டி வயித்துல வாயு ஏறிப்போச்சு. பேதிக்குக் குடுத்து நாலு மைல் நடத்துங்க, எறங்கிரும்.”

வாயு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. என் கதையேதான் அதற்கும். வைத்தியர் மருந்து இடிக்கப் போனார். என் வீட்டுக்காரர் என்னிடம் வந்தார். கடைச் சுவரில் கோடு போட்ட கரி அவர் விரலில் ஒட்டியிருந்தது.

“நீதான எந்நேரமும் அது கூட நிக்கே. உள்ள ஏதும் அசையுதா?” என்று கேட்டார்.

அன்று காலையில்கூட முட்டியிருந்தது.

“எனக்கு ஒண்ணும் வெளங்கலையே மச்சான்” என்றேன்.

பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. உண்மையிலேயே எனக்கு விளங்கவில்லை. ஆனால் முட்டியதை முட்டியது என்று சொல்லியிருக்கலாம். விளங்குவதும் விளங்காததும் அவர்கள் பாடு என்று விட்டிருக்கலாம். அத்தனை புத்தி அன்றைக்கு ஏது?

மூங்கில் குழாயால் இரண்டு நாள் காலையில் மருந்தை அதன் தொண்டையில் ஊற்றினார்கள். மூன்றாம் நாள் அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குற்றாலம் ரோட்டில் அதை நடத்திக்கொண்டு போனார். வெயில் ஏறும் நேரம் மேலகரத்துப் பக்கமிருந்து ஒரு மாட்டுவண்டிக்காரர் வந்து, குதிரை ரோட்டோரத்தில் விழுந்துவிட்டது, ராவுத்தர் தனியாக நிற்கிறார் என்று சொன்னார். துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு அதே வண்டியில் ஏறிப் போனேன்.

நான் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வாய்க்கால் கரையில் குதிரை நின்றுகொண்டிருந்தது, கால்களெல்லாம் நடுக்கம். பக்கத்தில் குட்டி கிடந்தது. ஆண்குட்டி. நெற்றியில் வெள்ளைப் பொட்டு. காது, இமை, பிடரிமயிர் எல்லாம் இருந்தது. குளம்புகளுக்கு அடியில் நுங்குச் சுளை மாதிரி மெத்தென்று வெளுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. உயிர் மட்டும் இல்லை. குதிரை அதை நக்கி நக்கி எழுப்பப் பார்த்தது. என் வீட்டுக்காரர் கயிற்றை விடாமல் நின்றார். நான் துப்பட்டியை உருவிக் குட்டிமேல் போட்டேன். ரோட்டில் ஆண்கள் போகிறார்கள் என்றெல்லாம் அப்போது நினைப்பு வரவில்லை.

ஒரு மாசம் கழித்துச் சாரல் தொடங்கியது, ஆடியில் அதே ஜமீன் குடும்பமும் வந்தது. இவர் குதிரையை மறுபடி கொண்டு போனார். குதிரைக்காரரிடம் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். அந்த மனுஷர் தலையில் கை வைத்துக்கொண்டு, மாட்டுக் கணக்கா பார்த்தீர்கள், குதிரைக்குப் பதினோரு மாசமாச்சே, கடைசியில்தானே மடியே விடும் என்று சொன்னாராம். இதை வீட்டில் வந்து சொன்னபோது இவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னார். பேதி மருந்து கொடுத்தது தன் புத்திகெட்டதனம் என்று மட்டும் சொல்லி முடித்துக்கொண்டார். இல்லை, என் புத்திகெட்டதனமும் உண்டு என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை.

இரண்டாம் தடவை சுவரில் கோடு போட ஆரம்பித்ததும் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இந்தத் தடவை முட்டினால் உடனே ஓடிப்போய்ச் சொல்லிவிடுவது. மாசியிலிருந்தே தினம் காலையில் தண்ணீர் காட்டிவிட்டுக் கையை வைத்தேன். ஒன்றுமில்லை. பங்குனியிலும் ஒன்றுமில்லை. இடம் மாற்றி வைத்தேன், காதை வைத்தேன், முட்டு முட்டு என்று கெஞ்சினேன். வயிறு அம்மி மாதிரி கிடந்தது. ஒருநாள் நான் அப்படிக் குனிந்து நிற்கும்போது இவர் வந்து பின்னால் நின்றிருக்கிறார்.

“அசையுதா?” என்று கேட்டார்.

“அசையுது மச்சான், நல்லா அசையுது” என்றேன்.

எங்கிருந்து வந்தது அந்தப் பதில்? முந்தைய வருஷம் அடைத்துக்கிடந்தது இந்த வருஷம் வாயைத் திறந்துகொண்டு வந்ததுபோல வந்துவிட்டது. சொன்ன உடனே அவர் முகம் தெளிந்தது. அந்த முகத்தைப் பார்த்த பிறகு, இல்லை, சும்மா சொன்னேன் என்று எந்த வாயால் சொல்வது? ஒருவேளை என் கைதான் மரத்துப்போயிற்றோ என்றும் ஒரு நப்பாசை. அன்றிலிருந்து அவர் தினமும் கேட்பார், நானும் தினமும் அசைகிறது என்பேன். சொல்லிச் சொல்லிச் சில நாள் எனக்கே அசைவதுபோல இருந்தது.

ஆனி வந்தது. பதினோரு மாசம். மடி விடவில்லை. சில குதிரைக்கு நாள் தள்ளிப்போகும் என்று இவரே சொல்லிக்கொண்டார். பன்னிரண்டாம் மாசமும் போயிற்று. அக்கம்பக்கத்தார் வாய்விட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்கள். இவர் யாரையும் அழைத்துக் காட்டவில்லை, மருந்து என்ற பேச்சே எடுக்கவில்லை. சாரலுக்கு வந்த ஜமீன் குதிரை திரும்பிப் போகும்வரை காத்திருந்துவிட்டார். அந்த வருஷம் சேர்க்கவும் கொண்டு போகவில்லை. சினைக் குதிரையை எப்படிக் கொண்டு போவது?

சுவரில் பதின்மூன்றாம் கோட்டைப் போட்ட மறுநாள், செங்கோட்டையிலிருந்து ஒருவர் வண்டிக்குக் குதிரை தேடிக்கொண்டு வந்தார். இவர் கொடுத்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கயிறு கை மாறி, குதிரை தெருமுனை திரும்பும்வரை இரண்டு பேரும் வாசலில் நின்றோம். எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. என்னை மன்னித்துவிடுங்கள், அது அசையவே இல்லை என்று ஒருவழியாகச் சொல்லிவிட்டேன்.

“எனக்கு எட்டாம் மாசமே தெரியும்” என்றார். “நானும் கை வச்சுப் பாத்தேன். நீ அசையுதுன்னு சொன்னியேன்னுதான் இருந்தேன்.”

ஆசையாகச் சொன்னாரா, ஆத்திரத்தில் சொன்னாரா? இன்றைக்குவரை எனக்குப் பிடிபடவில்லை. அவர் மௌத்தாகியும் வருஷங்கள் ஆகிவிட்டன. முதல் குட்டி அசைந்தது, அன்று காலையில்கூட என் கையில் முட்டியது என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். என் சொல்லுக்காக இத்தனை மாசம் சும்மா காத்திருந்த மனுஷரிடம், நான் சொல்லாமல் விட்டதற்காகச் செத்த குட்டியைப் பற்றி எப்படிச் சொல்வது?

உள்ளே போனேன். முந்தின நாள் பழக்கத்தில் ஊறப்போட்ட கொள்ளு அடுக்களையில் ஒரு சட்டி நிறைய இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. வேகவைத்து ரசம் வைத்தேன். மத்தியானம் அவர் கடையை அடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். இரண்டு பேரும் அதை ஊற்றிச் சாப்பிட்டோம்.